கடலை எண்ணெய் காறாமல் இருக்கப் பழுப்புக் கடற்பாசிச் சாறு உதவுமா?

செக்கடியான் (காங்கேயம்) கேட்டது:

வணக்கமுங்க. காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் இடையே எங்கள் குடும்பம் செக்கு ஆலை நடத்திவருகிறது. தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், நல்லெண்ணெய் மூன்றும் ஆட்டுகிறோம். கொப்பரை எங்கள் களத்திலேயே காய்கிறது. எள்ளைச் சிவகிரி ஏலத்தில் எடுக்கிறோம். நிலக்கடலை வரத்தைப் பொறுத்து வெவ்வேறு ஊர்களிலிருந்து வருகிறது. நல்லெண்ணெயைப் பற்றி இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. கடலை எண்ணெய்தான் சித்திரை, வைகாசி வெயிலில் கடையின் முன்தட்டில் வெளிச்சம் படும்படி அடுக்கப்பட்டால், சில வாரங்களிலேயே காறல் வாடை அடிக்கிறது என்று திரும்பி வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஆட்டும் தேங்காய் எண்ணெயிலும் சில தடவை சிக்கு வாடை வருவதுண்டு.

பெரிய ஆலைகளில் இதற்கு டி.பி.எச்.கியூ. என்ற செயற்கைத் தடுப்பானைச் சேர்க்கிறார்கள் என்பது தெரியும். செக்கு எண்ணெயைத் தேடி வருகிறவர்கள் அதை ஏற்க மாட்டார்கள் என்பதால் நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. அண்மையில் கோவையில் ஓர் உணவுப் பொருள் கண்காட்சிக்குப் போயிருந்தபோது, பழுப்புக் கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்தது என்று சொல்லி ஒரு விற்பனையாளர் ஒரு தூளைக் காட்டினார். இயற்கையான ஆன்டிஆக்சிடன்ட், வைட்டமின் சி-யை மிஞ்சும், எண்ணெயில் கலந்தால் ஓராண்டுக்குக் காறாது, உண்பவர் உடம்புக்கும் நல்லது என்றார். அவர் கொடுத்த தாளில் ‘டி.பி.பி.எச். நீக்கம்’ என்ற தலைப்பில் தொண்ணூறை நெருங்கும் ஒரு சதவீதமும், ‘மொத்த ஃபீனால்’ என்று இன்னோர் எண்ணும் மட்டுமே இருக்கின்றன. விலையோ கொஞ்சநஞ்சமல்ல. மாதிரிக்கு ஒரு சிறு பொட்டலம் வாங்கி வந்திருக்கிறேன்.

கடற்பாசியில் அப்படி என்னதான் இருக்கிறது, தாளில் உள்ள எண் எண்ணெய்க்குப் பொருந்துமா, பொருந்தினால் எந்த எண்ணெயில் எவ்வளவு சேர்க்கலாம் என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.


வேதியியல் வாத்தியார் (கோவை) எழுதியது:

அந்தத் தாளில் உள்ள எண் உண்மையாகவே இருக்கலாம். அது எந்தக் கேள்விக்குக் கிடைத்த விடை என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதற்கு முன் பொருள்களைச் சொல்லிவிடுகிறேன்.

பழுப்புக் கடற்பாசிகள் என்பது ஒரு பெரிய கூட்டம். நம் மன்னார் வளைகுடாவின் சர்காசம், டர்பினேரியா, படினா, வட அட்லாண்டிக்கின் ஃபூகஸ், லாமினேரியா, கொரிய, ஜப்பானியக் கரைகளின் எக்லோனியா எல்லாம் அதில் அடங்கும். அவற்றில் ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பவை என்று பேசப்படும் பொருள்கள் பெரும்பாலும் மூன்று வகையானவை. முதலாவது ஃப்ளோரோடானின். கடுக்காயிலும் தேயிலையிலும் உள்ள டானின்களைப் போல வாயில் துவர்ப்பைத் தருவதுதான் என்றாலும் இதன் கட்டுமானம் வேறு: ஃப்ளோரோகுளுசினால் என்ற ஒரே சிறு மூலக்கூறு ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு போவதால் உருவாவது, பழுப்புப் பாசிகளுக்கே உரியது. அந்த அடிப்படை அலகின் மூலக்கூறு எடை 126. கோத்துக்கொண்டு போகப்போக அது சில லட்சம் வரை உயரும். இதன் வளையங்களில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள் தம் ஹைட்ரஜனை எளிதில் விட்டுக்கொடுத்து, ஃப்ரீ ராடிக்கல் எனப்படும் தனி உறுப்புகளை அடக்குகின்றன. ஹைட்ரஜனை இழந்தபின் எஞ்சும் ஒற்றை எலக்ட்ரான் வளையம் முழுவதும் பரவி அமைதியடைந்துவிடுவதால், ஒன்று கெட்டு மற்றொன்றைக் கெடுக்கும் சங்கிலி வினை அங்கேயே அறுந்துபோகிறது. இரும்பு, தாமிர அயனிகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஆற்றலும் இதற்கு உண்டு. ஆய்வுக் கட்டுரைகளில் அடிக்கடி வரும் எக்கால், டைஎக்கால் என்பவை எக்லோனியாவிலிருந்து கிடைக்கும் சிறிய ஃப்ளோரோடானின்கள்.

இரண்டாவது ஃபூகோசாந்தின். பாசிக்குப் பழுப்பு நிறம் தருவதே இந்த நிறமிதான்; பீட்டா கரோட்டினின் இனத்தைச் சேர்ந்தது. 1914-இல் வில்ஸ்டாட்டரும் பேஜும் இதைப் பிரித்தெடுத்தார்கள். வில்ஸ்டாட்டருக்குத் தாவர நிறமி ஆய்வுகளுக்காக அடுத்த ஆண்டே நோபல் பரிசு கிடைத்தது. கொழுப்பில் கரையக்கூடியது, ஆனால் ஒளி, சூடு, அமிலம் மூன்றையும் தாங்காது. மூன்றாவது ஃபூகாய்டான், ஸ்வீடன் நாட்டு கைலின் 1913-இல் கண்டறிந்த, சல்ஃபேட் ஏறிய பல்சர்க்கரை. ஈரப் பாசியைத் தடவினால் விரலில் ஒட்டும் வழவழப்பில் இதற்கும் பங்குண்டு. நீரில் கரையும், ஆல்கஹாலில் படிந்துவிடும், எண்ணெயில் கரையவே கரையாது.

பாசி இவற்றை நமக்காகச் செய்து வைக்கவில்லை. நீர் வற்றும் வேளையில் பாறையோடு ஒட்டிக்கொண்டு, வெயிலையும் புற ஊதாக் கதிரையும் நேராக வாங்கிக்கொண்டு, மேய வரும் நத்தைக்கும் மீனுக்கும் ஈடுகொடுத்து வாழ வேண்டிய உயிர் அது. அந்தப் பாடுகளுக்கு ஏற்பச் சேர்த்து வைப்பவை இவை என்பதால்தான், ஒரே இனத்தில்கூடப் பருவம், இடம், செடியின் வயது ஆகியவற்றைப் பொறுத்து இவற்றின் அளவு பெரிதும் மாறுகிறது. எனவே எந்த இனம், எங்கே, எப்போது எடுத்தது என்ற விவரமில்லாத கடற்பாசித் தூளை நான் பாதித் தகவலாகவே கொள்வேன்.

இனி அந்த எண். டி.பி.பி.எச். என்பது அடர் ஊதா நிறக் கரைசல் தரும் ஒரு நிலையான தனி உறுப்பு. மெத்தனாலில் கரைத்த அந்த ஊதாவில் சாற்றின் சில துளிகளை விட்டு இருட்டில் அரை மணி நேரம் வைத்தால், ஊதா வெளிறி இளமஞ்சளாக மாறும். 517 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் எவ்வளவு குறைந்தது என்று பார்த்துச் சதவீதம் கணக்கிடுவார்கள். 1958-இல் பிளாய்ஸ் வெளியிட்ட முறை இது. மலிவானது, எளிது, எங்கள் கல்லூரியில் இளநிலை மாணவர்களே ஒரு பிற்பகலில் செய்துவிடுவார்கள். இதில் கவனிக்க வேண்டியது, சாற்றின் செறிவைச் சொல்லாத சதவீதத்துக்குப் பொருளே இல்லை என்பதாகும். செறிவைக் கூட்டிக்கொண்டே போனால் நம் வீட்டு டீ டிகாக்‌ஷன்கூடத் தொண்ணூறைத் தொடும். ஊதாவைப் பாதியாகக் குறைக்க எவ்வளவு தேவைப்பட்டது என்ற அளவைச் சொன்னால்தான் இரண்டு பொருள்களை ஒப்பிட முடியும். அத்துடன், கடற்பாசிச் சாறே நிறமுள்ளது. சாற்றின் சொந்த நிறத்தைக் கழிக்காமல் கணக்கிட்டால் எண் தவறும். ஃபூகாய்டானோ மெத்தனாலில் கரையாமல் கலங்கி நிற்கும், கலங்கல் கருவியை ஏமாற்றும். ஃபூகாய்டானுக்கு என்று எழுதப்படும் ஆற்றலில் ஒரு பகுதி, சரியாகச் சுத்தம் செய்யப்படாமல் அதனோடு ஒட்டிக்கொண்டு வந்த ஃப்ளோரோடானினுடையது என்பதும் உண்டு.

‘மொத்த ஃபீனால்’ எண்ணிலும் இதே கதைதான். அதை அளக்கப் பயன்படும் ஃபோலின் வினைப்பொருள் ஃபீனாலோடு மட்டும் நீலமாவதில்லை. வைட்டமின் சி, ஒடுக்கும் சர்க்கரைகள், சில புரதங்கள் என்று யாரோடு சேர்ந்தாலும் நீலமாகும். இத்தகைய குழாய்ச் சோதனை எண்களை வைத்து விற்பனை நடப்பதைப் பார்த்துத்தான், அமெரிக்க வேளாண் துறை உணவுகளின் ஆன்டிஆக்சிடன்ட் ஆற்றலைக் குழாய்ச் சோதனை எண்ணாகத் தந்த தன் ஓராக் அட்டவணையை 2012-இல் இணையத்திலிருந்தே எடுத்துவிட்டது.

டி.பி.பி.எச். சோதனை நடப்பது மெத்தனாலில். உங்கள் சங்கடம் இருப்பது எண்ணெயில். அங்கே என்ன ஆகும் என்பதை எண்ணெய்ச் சோதனை செய்பவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.


ஆய்வகத்துக்காரர் (பெருந்துறை) எழுதியது:

வாத்தியார் ஐயா விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். மூன்று எண்ணெயையும் ஒரே நோயாளியாக எண்ணக் கூடாது.

நல்லெண்ணெயை விட்டுவிடலாம். எள்ளிலேயே காறலைத் தடுக்கும் செசமின், செசமோலின் ஆகிய லிக்னான்களும் வைட்டமின் ஈ வகையான காமா டோகோஃபெராலும் இருக்கின்றன. செசமோலின் சூட்டில் செசமாலாக மாறும், அது வலுவான தடுப்பான். நல்லெண்ணெய்க்கு வெளியிலிருந்து துணை தேவையில்லை.

தேங்காய் எண்ணெயில் நீங்கள் சொல்லும் வாடைக்கு ஆக்சிஜன் பெரும்பாலும் காரணமே அல்ல. அதில் சுமார் தொண்ணூறு சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. ஆக்சிஜன் எளிதில் தாக்கும் லினோலெயிக் அமிலம் இரண்டு சதவீத அளவில்தான் இருக்கும். ஐப்பசி மழையில் களத்தில் கொப்பரை சரியாகக் காயாமல், ஈரம் ஆறு சதவீதத்துக்குமேல் நின்றுவிட்டால், பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் சுரக்கும் லிபேஸ் என்ற நொதி கொழுப்பை அறுத்து எஃப்.எஃப்.ஏ. எனப்படும் தனிக் கொழுப்பமிலங்களைக் கூட்டும், சில பூஞ்சணங்கள் அந்த அமிலங்களைக் கீட்டோன்களாகவும் மாற்றும். மூக்கில் ஏறும் அந்தச் சிக்கு வாடை அதனால் வருவது. இதற்கு உலகின் எந்த ஆன்டிஆக்சிடன்டும் மருந்தல்ல. உடைத்துப் பார்த்தால் உட்புறம் பச்சையோ கறுப்போ பூத்த பருப்பைச் செக்குக்குள் விடாதிருப்பதும், மழை மாதங்களில் உலர்த்தியில் காயவைப்பதும்தான் வழி. அதற்காகக் கந்தகப் புகை போடும் பழக்கத்துக்குப் போய்விட வேண்டாம். அதைத் தனியாக ஒரு நாள் திட்ட வேண்டும்.

ஆகக் கடைசியில் நிற்பது கடலை எண்ணெய். இங்கே நடப்பது உண்மையான ஆக்சிஜனேற்றம், லினோலெயிக் அமிலமும் கணிசமாக உண்டு, எனவே கடற்பாசிப் பொருள் உதவ இடமுண்டா என்று கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் எந்தப் பொருள்? ஃபூகாய்டான் எண்ணெயில் கரையாது. ஃப்ளோரோடானினும் நீர் விரும்பி. அதன் தூளை எண்ணெயில் போட்டால் மணலைப் போட்டது போல அடியில் தங்கிவிடும். நீர் விரும்பும் தடுப்பான்கள், எண்ணெயில் உள்ள நுண்ணிய ஈரத்துக்கும் எண்ணெய்க்கும் இடைப்பட்ட எல்லையில் கூடி நின்று நன்றாக வேலை செய்வதும் உண்டு என்பது எண்ணெய் வேதியியலில் அறிந்த செய்திதான். அதற்கு அவை மிக நுண்ணியதாகப் பரவியிருக்க வேண்டும், அப்படிப் பரப்ப, நீரையும் எண்ணெயையும் பிரியாமல் கலந்து நிற்கவைக்கும் பால்மமாக்கி தேவைப்படும். செக்கு எண்ணெயில் பால்மமாக்கியைக் கலந்துவிட்டு அதன்பின் என்ன பெயரில் விற்பது?

ஃபூகோசாந்தின் கரையும். ஆனால் எண்ணெய் ஆரஞ்சு நிறமாகும், வெளிச்சம் பட்டால் நிறமி தானே முதலில் அழியும். இவற்றைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. பாசியை ஆல்கஹாலில் ஊறவைத்து எடுத்த சாற்றில் பச்சையமும் சேர்ந்தே வரும். பச்சையம் வெளிச்சத்தை உறிஞ்சி, அந்த ஆற்றலைப் பக்கத்தில் உள்ள ஆக்சிஜனுக்குக் கொடுத்து, அதை ஒற்றை நிலை ஆக்சிஜனாக மாற்றிவிடும். சாதாரண ஆக்சிஜனைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலான வேகத்தில் அது லினோலெயிக் அமிலத்தோடு வினைபுரியும். இருட்டில் வைத்துச் சோதித்தால் காக்கும் சாறு, உங்கள் கடைக்காரர் முன்தட்டில் அடுக்கிய கண்ணாடி பாட்டிலில் கெடுக்கும். குழாய்ச் சோதனையில் இந்த ஆபத்து தெரியவே தெரியாது, ஏனென்றால் அந்தச் சோதனையைச் செய்வதே இருட்டில்.

இவை எல்லாவற்றையும் தாண்டி, சட்டத்தின் வாசல் ஒன்று இருக்கிறது. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகளில் சேர்மானப் பொருள்களுக்கு அனுமதிப் பட்டியல் உண்டு, டி.பி.எச்.கியூ.-வுக்கு ஒரு கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்ற உச்ச வரம்பு உண்டு. பட்டியலில் இல்லாததை, இயற்கையானது என்ற காரணத்தால் சேர்த்துவிட முடியாது. சர்வதேச உணவுத் தரமான கோடெக்ஸோ, குளிர்முறையில் பிழிந்த எண்ணெயில் எந்தச் சேர்மானத்தையும் அனுமதிப்பதில்லை. அந்தத் தூளைச் சேர்த்த நாளே அது நீங்கள் விற்கும் செக்கு எண்ணெய் இல்லாமல் போகும்.

ஒரு கேள்வியை நான் திருப்பிக் கேட்கிறேன். ஆட்டிய கடலை எண்ணெயை எப்படித் தெளிய வைக்கிறீர்கள்? நம் பக்கத்தில் அண்டாவில் ஊற்றி வெயிலில் வைத்து மண்டி இறங்கவிடும் வழக்கம் இருக்கிறது.


செக்கடியான் (காங்கேயம்) எழுதியது:

இருவருக்கும் நன்றி. ஆமாம், வெயிலில்தான் வைக்கிறோம். எவர்சில்வர் அண்டாவில் ஊற்றி, மேலே வெள்ளைத் துணி கட்டி, ஈரம் போய் மண்டி இறங்கும்வரை வைத்திருப்போம். மூன்று எண்ணெய்க்கும் ஒரே முறைதான், தாத்தா காலத்திலிருந்து அப்படியே நடக்கிறது.

மாதிரிப் பொட்டலத்தை இன்று பிரித்துப் பார்த்தேன். தூள் என்பதைவிட, பளபளக்கும் கறுப்புச் செதில்கள் என்று சொல்வதே பொருத்தம். ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போட்டவுடன் கலக்காமலே கரைந்து காப்பி நிறமானது. விரலில் சோப்பு நீர் போல வழுக்கியது. எண்ணெயில் கரையவே இல்லை, அப்படியே அடியில் நின்றது. பள்ளிக்கூடத்தில் படிக்கும் மகன் லிட்மஸ் தாளை நனைத்துப் பார்த்தான், சிவப்புத் தாள் நீலமானது.


கட்டக்கோரை (பொள்ளாச்சி) எழுதியது:

சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம் என்றாலும் மண்டபம் கடற்கரையில் கடற்பாசி தொடர்பான வேலையில் நெடுநாள் இருந்தவன். உங்கள் கடைசிப் பத்தியைப் படித்ததும் எழுதத் தோன்றியது. பளபளக்கும் கறுப்புச் செதில், உடனே கரைதல், வழுக்கல், காரத்தன்மை ஆகிய நான்கும் சேர்ந்தால் அது பெரும்பாலும் பயிருக்குத் தெளிக்கத் தயாரிக்கும் கடற்பாசிச் சாறுதான். பாசியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் வேகவைத்துக் கரைத்து, வற்றவைத்து, செதிலாக்குவார்கள். கொடுமுடிப் பக்கம் மஞ்சள் தோட்டத்துக்கும் எங்கள் பக்கம் தென்னைக்கும் கடைகளில் விற்கும் பொருள். பயிருக்கு அது பயன்படலாம். 2021-இல் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் உயிரூக்கிகளுக்குத் தனிப் பிரிவு கொண்டுவந்தபோது கடற்பாசிச் சாறும் அதில் இடம்பெற்றது. சாப்பிடும் எண்ணெய்க்கு அது வரக் கூடாது. ஃப்ளோரோடானினைக் காக்க நினைப்பவர் யாரும் காரத்தைத் தொட மாட்டார். காரத்தில் அது காற்றின் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு தானே கறுத்து வீணாகும். அந்தக் கறுப்பில் பாதி அதனால் வந்ததுதான்.

உண்மையான சாறு எப்படி எடுக்கப்படுகிறது என்பதையும் சொல்கிறேன், அடுத்த முறை யாராவது தாளை நீட்டினால் கேட்பதற்கு உதவும். இராமநாதபுரக் கரையில் சர்காசத்துக்குக் கட்டக்கோரை என்றும், டர்பினேரியாவுக்குப் பக்கோடாப் பாசி என்றும் பெயர். அகார் எடுக்கும் மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும், இப்போது மிதவைகளில் வளர்க்கும் கப்பாஃபைகஸும் சிவப்புப் பாசிகள். அவற்றில் ஃபூகோசாந்தினும் கிடையாது, ஃப்ளோரோடானினும் கிடையாது. கடற்பாசி என்று பொதுவாக எழுதி விற்கும் பொட்டலத்தில் எந்த நிறப் பாசி என்று முதலில் கேட்க வேண்டும்.

கட்டக்கோரையைக் கரைக்குக் கொண்டுவந்ததும் மணல்மேல் பரப்பி வெயிலில் காயப்போடுவார்கள். அதை வாங்குபவர்களுக்கு வேண்டியது ஆல்ஜினேட் என்ற கூழ்ப்பொருள்; அதற்கு வெயில் ஒன்றும் செய்யாது. ஃபூகோசாந்தினுக்கு அதே வெயில் எமன். ஆல்ஜினேட் ஆலைகளில் ஃபீனால்கள் சரக்கின் நிறத்தைக் கெடுக்கும் என்று ஃபார்மலினில் நனைத்து அவற்றைப் பாசியோடு இறுகக் கட்டிவிடும் வழக்கமும் உண்டு. ஆக, ஆல்ஜினேட் எடுத்த சக்கையிலிருந்து மலிவாக ஆன்டிஆக்சிடன்ட் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

முறையாகச் செய்கிறவர்கள் புதுப் பாசியை நன்னீரில் அலசி, உப்பும் மணலும் மேலே ஒட்டி வளரும் சிறு பாசிகளும் போனபின், நிழலிலோ உறைநிலை உலர்த்தியிலோ காயவைப்பார்கள். பொடித்தபின், எதை எடுக்கிறோமோ அதற்கேற்பக் கரைப்பான் மாறும். ஃபூகோசாந்தினுக்கு எத்தனால், அதுவும் வெளிச்சம் படாமல், சூடேற்றாமல். ஃப்ளோரோடானினுக்கு எழுபது சதவீத அசிட்டோனோ, தண்ணீர் கலந்த எத்தனாலோ. இவ்விரண்டையும் கழுவி எடுத்தபின் எஞ்சிய பொடியை வெந்நீரிலோ நீர்த்த அமிலத்திலோ ஊறவைத்து, கால்சியம் குளோரைடு போட்டு ஆல்ஜினேட்டைப் படியவைத்து நீக்கிவிட்டு, மிஞ்சிய தெளிவில் எத்தனாலை ஊற்றினால், வெண்மையான பஞ்சு போலத் திரண்டு இறங்குவது ஃபூகாய்டான். இத்தனை படிகளுக்கும் ஆகும் செலவை நினைத்துப் பார்த்தால், எண்ணெயில் கலக்கும் விலையில் இது கிடைக்கவே முடியாது என்பது புரியும். வட அட்லாண்டிக்கின் சில ஃபூகஸ் வகைகளில் உலர் எடையில் பத்து சதவீதத்துக்கும் மேல் ஃப்ளோரோடானின் கிடைக்கும். நம் வெப்பமண்டலச் சர்காசத்தில் பொதுவாக அதைவிடக் குறைவுதான்.


உணவியல் படித்தவள் (ஈரோடு) எழுதியது:

உண்பவர் உடம்புக்கும் நல்லது என்று அந்த விற்பனையாளர் சொன்னதைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் அதை மட்டும் சொல்கிறேன் அண்ணா.

கடற்பாசிப் பொருள்களைப் பற்றிய நல்ல செய்திகளில் பெரும்பகுதி செல்களிலும் எலிகளிலும் கண்டவை. குடலில் பெரிய ஃப்ளோரோடானின்கள் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகின்றன. ஃபூகோசாந்தின் குடலில் ஃபூகோசாந்தினாலாக மாறித்தான் இரத்தத்துக்குள் போகிறது. குழாயில் ஊதாவை மஞ்சளாக்கிய அதே மூலக்கூறு அதே செறிவில் நம் செல்லுக்குள் போய்ச் சேர்வதில்லை. ஆன்டிஆக்சிடன்ட் என்றாலே அதிகமானால் நல்லது என்ற எண்ணத்துக்கும் ஆதாரமில்லை. பின்லாந்தில் 29,133 ஆண் புகைபிடிப்பவர்களிடம் நடந்து 1994-இல் வெளியான பெரிய ஆய்வில், பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. குறைக்கும் என்று எதிர்பார்த்துத்தான் அதைத் தொடங்கினார்கள்.

அயோடினையும் மறக்கக் கூடாது. வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும், நாம் அயோடின் உப்புதான் பயன்படுத்துகிறோம். கெல்ப் வகைப் பழுப்புப் பாசிகள் சிலவற்றில் ஒரு கிராம் உலர்தூளிலேயே ஆயிரம் மைக்ரோகிராமுக்கு மேல் அயோடின் இருக்கும். தைராய்டுக்கு மாத்திரை எடுப்பவர்கள் எத்தனை வீடுகளில் இருக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். ஹிஜிகி என்ற சர்காச இனத்தில் கனிம ஆர்செனிக் அதிகமிருப்பதால் அதை உண்ண வேண்டாம் என்று பிரிட்டன் 2004-இல் எச்சரித்தது. ஃபூகாய்டானுக்கு இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும் இயல்பு உண்டு என்பதால், இரத்தம் இளக மருந்து உண்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் எக்லோனியாவின் ஃப்ளோரோடானினை 2018-இல் அனுமதித்தபோதும், அதைத் துணை உணவாக மட்டுமே, அளவுக்கு வரம்பு கட்டி, தைராய்டு உள்ளவர்களுக்கான எச்சரிக்கையோடு அனுமதித்தது. சமையல் எண்ணெய் வீட்டில் குழந்தை முதல் பாட்டி வரை எல்லோருக்கும் போகிறது. அதன் வழியாக இதைக் கொடுப்பது சரியல்ல.


செக்கடியான் (காங்கேயம்) எழுதியது:

செதில் தென்னை மரத்தடிக்குப் போகிறது. பெருந்துறை ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும்: வெயிலில் தெளியவைப்பதைத்தான் சுட்டினீர்கள் என்று புரிகிறது. அதை நிறுத்தினால் உண்மையிலேயே வித்தியாசம் தெரியுமா என்பதை ஆலையிலேயே சோதித்துப் பார்க்க வழி இருக்கிறதா?


ஆய்வகத்துக்காரர் (பெருந்துறை) எழுதியது:

இருக்கிறது. தேங்காய் எண்ணெய்க்கு வெயில் பெரிய கெடுதல் செய்யாது. கடலை எண்ணெய்க்குக் காறல் அண்டாவிலேயே தொடங்கிவிடுகிறது என்பது என் கணிப்பு. ஒரே நாளில் ஒரே தடவையாக ஆட்டிய எண்ணெயை எடுத்து, ஒரு பங்கை வழக்கம்போல வெயிலிலும், இன்னொரு பங்கை மூடிய பாத்திரத்தில் நிழலிலும் தெளியவைத்து வடிகட்டுங்கள். ஒவ்வொன்றையும் பழுப்புக் கண்ணாடி பாட்டிலிலும் வெள்ளைக் கண்ணாடி பாட்டிலிலும் கழுத்துவரை நிரப்பி, எல்லாவற்றையும் கடை வெளிச்சம் படும் ஒரே தட்டில் வையுங்கள். கழுத்துவரை என்று சொல்வது, மேலே நிற்கும் காற்றும் கணக்கில் சேரும் என்பதால். அவசரமாக விடை வேண்டுமென்றால், தனியாகச் சில சிறு பாட்டில்களை 60 டிகிரி சூட்டடுப்பில் வைக்கலாம். அங்கே ஒரு நாள் அறைச் சூட்டில் ஏறக்குறைய ஒரு மாதம் என்பது எண்ணெய்த் தொழிலில் உள்ள கைக்கணக்கு. வெளிச்சத்தின் விளைவை அது காட்டாது என்பதால் தட்டில் வைத்தவற்றை விட்டுவிடாதீர்கள்.

அளக்க வேண்டியது, ஆக்சிஜனேற்றம் எவ்வளவு தொடங்கியிருக்கிறது என்று காட்டும் பெராக்சைடு எண். ஐந்து கிராம் எண்ணெயைக் குளோரோஃபார்ம், அசிட்டிக் அமிலக் கலவையில் கரைத்து, பொட்டாசியம் அயோடைடு சேர்த்து ஒரு நிமிடம் வைத்தால், எண்ணெயில் உள்ள பெராக்சைடு அயோடினை வெளியேற்றும். தண்ணீரும் மாவுக் கரைசலும் விட்டதும் கருநீலமாகும். தயோசல்ஃபேட்டைத் துளித்துளியாக விட்டுக் குலுக்கிக்கொண்டே வந்தால், ஒரு துளியில் நீலம் சட்டென்று மறையும். அதுவரை செலவான தயோசல்ஃபேட்டிலிருந்து கணக்கு வரும். சுத்திகரிக்காத எண்ணெய்க்குக் கோடெக்ஸ் வரம்பு கிலோவுக்கு 15 மில்லிஈக்விவலன்ட். ஆட்டிய அன்று, தெளிந்த அன்று, பிறகு வாரம் ஒரு தடவை என்று பாருங்கள். குளோரோஃபார்மை ஆலையில் வைத்துக்கொள்ள வேண்டாம், மாதிரிகளை இருட்டுப் பெட்டியில் வைத்து ஏதேனும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும்.

நிலக்கடலை வாங்கும்போது கிர்னார் 4, கிர்னார் 5 ரகங்கள் கிடைக்கிறதா என்றும் விசாரித்து வையுங்கள். அவற்றின் எண்ணெயில் ஒலெயிக் அமிலம் எண்பது சதவீத அளவில் இருக்கும், லினோலெயிக் மிகக் குறைவு. எதையும் சேர்க்காமலே நெடுநாள் நிற்கும் கடலை எண்ணெய்க்கு அதைவிட நேரான வழி எனக்குத் தெரிந்து இல்லை. அந்தக் கடலைக்கு விலை கூடுதலாகக் கேட்பார்கள், பேரம் பேசிக்கொள்ளுங்கள்.